நூற்று நாற்பத்து மூன்றாவது பெட்டி

பெட்டியண்ணனிடம் பெட்டி என்று ஒன்றும் கிடையாது. மதியச் சாப்பாட்டைக்கூடத் துணிப்பையில்தான் கொண்டு வருவார். ஆனாலும் அந்தக் காலநிலை ஆய்வு நிலையத்தில் வாயிற்காவலர் முதல் இயக்குநர் வரை எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். இருபத்தாறு வருஷமாக அவர் பார்த்த வேலை அப்படி.

அந்த வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். நிலையத்தின் கீழ்த்தளத்தில் ஒரு குளிரூட்டிய அறை. அதில் அலமாரி அலமாரியாகக் கணினிகள். அவை எல்லாம் ஒன்று சேர்ந்து நிலத்தையும் கடலையும் சதுரம் சதுரமாகப் பெட்டி பிரித்து, ஒவ்வொரு பெட்டியிலும் எவ்வளவு வெயில், எவ்வளவு மழை, எவ்வளவு காற்று என்று ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் கணக்குப் போடும். கழிந்துபோன வருஷங்களுக்கு மட்டுமல்ல, இன்னும் வராத வருஷங்களுக்கும் சேர்த்து. மொத்தம் நூற்றைம்பது வருஷம். ஒரு பெட்டி என்றால் பேருந்தில் முக்கால் மணி நேரத்தில் தாண்டிவிடக்கூடிய அகலம்.

மாதக்கணக்கில் ஓடி முடித்த பிறகு அந்த இயந்திரம் கொட்டுகிற கோப்புகளை ஒரு மனுஷனும் படிக்க முடியாது. வெப்பம் என்று பெயர் போட்டிருக்காது, நூற்று அறுபத்தேழு என்று ஒரு குறி மட்டும் இருக்கும். அதைத் திறந்தால் முந்நூற்று ஐந்து என்று இருக்கும். ஊர் தீப்பற்றி எரிகிறதோ என்று பதறவேண்டாம், அது வேறு அளவுகோல், நம் கணக்கில் முப்பத்திரண்டு டிகிரி வெயில்தான். மழையை ஒரு நொடிக்கு எவ்வளவு என்று சொல்லும். ஒரு நொடி மழையை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? இதையெல்லாம் அணைக்கட்டுக்காரர்களும் பாலம் கட்டுகிறவர்களும் பயிர் வைக்கிறவர்களும் படிக்கிற மாதிரி பெயர் மாற்றி, அளவு மாற்றி, தேதி ஒட்டி, பொது வடிவத்துக்குக் கொண்டுவருவதுதான் பெட்டியண்ணன் வேலை.

அதற்கு அவரிடம் ஒரு கருவி இருந்தது. படமோ பொத்தானோ எதுவும் இல்லாத கருவி. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி தட்டவேண்டும்: எந்தக் கோப்பு, எதிலிருந்து எதற்கு, எங்கே வைப்பது. பிறகு ஒரு தட்டு. சொன்னதைச் சொன்னபடி செய்யும். தப்பாகச் சொன்னால் அந்தத் தப்பையும் அதே பணிவோடு செய்து வைக்கும், முணுமுணுக்காது. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஒருதரம் மனைவியிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அந்தக் கருவிக்கு ஒரு கோணல் புத்தி உண்டு. நமக்கு வரிசையில் முதல் ஆள் என்றால் ஒன்று. அதற்கு முதல் ஆள் பூஜ்யம், இரண்டாவது ஆள்தான் ஒன்று. மாடிக் கட்டடத்தில் தரைத்தளத்தை விட்டுவிட்டு அதற்கு மேலே முதல் மாடி என்று எண்ணுவோமே, அந்த மாதிரி. புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவரும் இதில் ஒருமுறையாவது வழுக்கி விழுவார்கள். அதனால் பெட்டியண்ணன் தன் திரைக்கு மேலே ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருந்தார்: "பூஜ்யத்திலிருந்து எண்ணு!" ஆச்சரியக்குறிக்குக் கீழே இருக்கிற புள்ளியைச் சிவப்பு மையில் அழுத்தி வைத்திருப்பார்.

விஞ்ஞானிகளின் கட்டுரைகள் வெளியாகும். அவர்களுக்கு விருது கிடைக்கும். கடைசிப் பக்கத்தில் நன்றி என்று பொடி எழுத்தில் நாலைந்து பெயர்கள் வரும், அதில் ஒன்று இவருடையது, பாதி நேரம் எழுத்துப் பிழையோடு. ஆரம்பத்தில் மனசு கஷ்டப்பட்டார். பிறகு பழகிப்போயிற்று. எனக்கு இன்னும் பழகவில்லை, அதனால்தான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பெருமை என்று அவர் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்றைத்தான். தான் மாற்றிக் கொடுத்ததில் பிழை என்று தெரிந்தால், யாரும் கேட்பதற்கு முன்பே அவரே பிழை அறிவிப்பு அனுப்பிவிடுவார். எந்தக் கோப்பு, என்ன தவறு, எது சரி, காரணம், பாதிக்கப்பட்டவர்கள் யார் யார். அரைப்பக்கம், கீழே கையெழுத்து. இருபத்தாறு வருஷத்தில் பதினோரு அறிவிப்பு. மற்றவர்கள் இதற்கு முகம் சுளிப்பார்கள். "தப்பு வர்றது வேலையில ஒரு பகுதி. மறைக்கிறது வேற வேலை, அதுக்கு எனக்குச் சம்பளம் இல்ல" என்பார்.

மாற்றிய கோப்பு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க இந்தத் தொழிலில் எல்லோருக்கும் ஒரு வழக்கம் உண்டு. லட்சக்கணக்கான பெட்டிகளில் ஒரே ஒரு பெட்டியைத் தேர்ந்து வைத்துக்கொள்வார்கள். மாற்றுவதற்கு முன் அதில் என்ன இருந்தது, மாற்றிய பின் என்ன இருக்கிறது என்று இரண்டையும் எடுத்து ஒப்பிடுவார்கள். தெரிந்த ஊராக இருந்தால் நல்லது, எண்கள் மனசில் நிற்கும். பிரிவுத் தலைவி தான் படித்த கல்லூரி இருக்கும் பெட்டியைப் பார்ப்பார். பெட்டியண்ணன் ரொம்ப நாள் தன் வீட்டுப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் அதை விட்டுவிட்டு மகள் வீட்டுப் பெட்டிக்கு மாறினார்.

ஒரே மகள். கடலோர ஊர் ஒன்றில் தபால் நிலையத்தில் ஊர்வாரியாகக் கடிதம் பிரிக்கிற வேலை. கூரை போடுகிற ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை அதிகம் பேசமாட்டார். ஏணியின் உச்சியில் நிற்கும்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பு வரும் என்று மகளே கேலி செய்வாள். இரண்டு பேரும் மிச்சம் பிடித்து அந்த ஊரில் ஒரு மனை வாங்கினார்கள். வாங்கிய வாரம் மகள் அப்பா வீட்டுக்கு வந்திருந்தாள்.

"அப்பா, எங்க இடம் உங்க பெட்டியில எத்தனாவது?" என்று கேட்டாள்.

அப்பாவுக்கு வாயெல்லாம் பல். அலுவலகத்தில் வேண்டாம் என்று கழித்துப்போட்ட பெரிய கட்ட வரைபடம் ஒன்று பரணில் இருந்தது. அதை இறக்கிச் சாப்பாட்டு மேசையில் விரித்தார். பக்கவாட்டு எண்கள் ஒழுங்காக இருந்தன, எந்த வரிசை என்று தெரிந்தது; அந்த வரிசையில் எத்தனாவது பெட்டி என்பதுதான் தெரியவேண்டும். மேல் ஓரம் அச்சில் வெட்டுப்பட்டு அங்கே எண்கள் போயிருந்தன. அதனால் மேற்கு ஓரத்திலிருந்து கிழக்கே விரலை வைத்து எண்ணவேண்டியதாயிற்று. அவர் விரலை நகர்த்த, அவள் எண்ணினாள். சின்ன வயதில் மாடிப்படி ஏறும்போது எண்ணுவாளே, அதே ராகம். ஐம்பதுக்கு மேலே கண் வலிக்கிறது என்று அவர் எழுந்துகொள்ள, அவளே விரல் வைத்து மிச்சத்தையும் எண்ணி முடித்தாள்.

"நூத்தி நாப்பத்தி மூணுப்பா!"

அவர் அதைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்தார். மறுநாளிலிருந்து அதுதான் அவருடைய சோதனைப் பெட்டி.

வீடு எழும்பியது. மாப்பிள்ளை நாலு மாதம் விடுமுறை நாளெல்லாம் உழைத்துத் தன் கையாலேயே கூரை போட்டார். முதல் விருந்துக்குப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளையின் சித்தப்பா, நல்ல மனுஷர், சும்மா இருக்காமல் கேட்டுவிட்டார்: "சம்பந்தி, கூரை எப்படி இருக்கு?"

நம்ம ஆளுக்குத் தெரிந்த பேச்சு ஒரே ஒரு வகைதான். "நல்லா இருக்கு. ஆனா நிக்காது" என்றார். கையில் கரண்டியை வைத்துக்கொண்டு விளக்கமும் கொடுத்தார். இந்தப் பெட்டியில் வருஷத்துக்கு இரண்டு முறையாவது அடிக்கிற காற்றின் வேகம் இவ்வளவு, இன்னும் முப்பது வருஷத்தில் இவ்வளவு ஆகும், இந்த மாதிரிக் கூரை தாங்குவது இவ்வளவுதான் என்று ஒன்று விடாமல் சொன்னார். எல்லாம் மனப்பாடம். பாவம், பயந்துபோய்த்தான் சொன்னார். மாதக்கணக்கில் காலை தவறாமல் அந்தக் காற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் கேட்டவர்களுக்கு அந்தப் பயம் எங்கே தெரிந்தது?

மாப்பிள்ளை கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டார். மகள்தான் சொன்னாள்: "அப்பா, இது என் வீடு. உங்க பெட்டி இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றார் அவர்.

அந்த ஒரு வார்த்தையோடு போயிற்று. அன்று சாயங்காலப் பேருந்தில் ஏறி வந்தவர்தான், அதற்கப்புறம் அந்த ஊர்ப்பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. "அவர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க, அப்புறம் பேசலாம்" என்று மகள் சொல்லி அனுப்பினாள். "எண்ணு சொன்னதைத்தானே நான் சொன்னேன்" என்று இவர் சொல்லி அனுப்பினார். வீம்பு என்று மனைவி சொன்னார். வீம்பு இல்லை. எண் சரி என்று நம்புகிற மனுஷன் எதற்கு மன்னிப்புக் கேட்பான்? சரி, கொஞ்சம் வீம்பும்தான்.

ஆறு வருஷம்.

மனைவி பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவர். வலி என்று துடித்துக்கொண்டு வருகிறவர்களை "உட்காருங்க, கூப்பிடுவாங்க" என்று சொல்லி உட்காரவைப்பதில் கைதேர்ந்தவர். புருஷனையும் அப்படியே உட்காரவைத்தார். சனிக்கிழமைதோறும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மகள் கூப்பிடுவாள். மனைவி தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைப்பார். சரியாக அந்த நேரம் பார்த்து பெட்டியண்ணனுக்குத் துவைத்த துணி மடிக்கிற வேலை வந்துவிடும். மேசைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு ஒரு துண்டை ஆறு தரம் மடிப்பார்.

"அப்பா நல்லா இருக்காரா?"

"இருக்கார். துணி மடிக்கிறார்."

அவ்வளவுதான். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். நடுவில் அந்த அம்மா இரண்டு பக்கமும் தூது போய்க்கொண்டிருந்தார்.

அலுவலகத்திலோ, ஒரு வேலைநாள் தவறாமல் அவர் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தார். சோதனைக்குத் தேவையோ இல்லையோ, காலையில் வந்ததும் முதல் வரி அதற்குத்தான். இன்னும் வராத ஒரு வருஷத்தில், இன்னும் வராத ஒரு மாதத்தில் பெரிய புயல் ஒன்று அந்தப் பெட்டியில் அடித்தது. அதைப் பார்த்த அன்று மதியம் சாப்பாட்டுப் பையைப் பிரிக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார். "என்னங்க, உடம்புக்கு என்ன?" என்று மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். என்னவென்று சொல்வது? இருபத்திரண்டு வருஷம் கழித்து வரப்போகிற காற்றுக்கு இன்றைக்கே பசிக்கவில்லை என்றா?

ஆனால் மழைக்காலம் தொடங்குமுன் வருஷாவருஷம் ஒரு சேதி மட்டும் மனைவி மூலம் போகும்: "கூரைக்கு இரும்புப் பட்டை போடச் சொல்லு." அந்தப் பக்கமிருந்து மாப்பிள்ளை குரல் தூரத்தில் கேட்கும்: "சரி மாமா." அதற்குமேல் அங்கே என்ன நடக்கிறது என்று இவருக்குத் தெரியாது.

இந்தக் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை. தலையணை உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மகள் பேசிக்கொண்டிருந்தாள்.

"காலைல வெளிய வெச்ச வாளித் தண்ணி மேல ஐஸ் பிடிச்சிருந்ததும்மா. கரண்டியால தட்டினாத்தான் உடையுது."

"அடக் கடவுளே, அவ்வளவு குளிரா?"

"ஒவ்வொரு குளிருக்கும் மூணு நாலு தடவை இப்படி ஆகும்மா. இன்னிக்குத்தான் சொல்லத் தோணுச்சு."

"இருக்க முடியாது" என்றார் பெட்டியண்ணன், சத்தமாக.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். ஆறு வருஷத்தில் அந்த நேரத்தில் அவர் வாயைத் திறந்தது இதுதான் முதல் தடவை.

"யாரும்மா அது?" என்றாள் மகள். தெரியாமலா கேட்டாள்!

"வேற யாரு."

"என்ன இருக்க முடியாதாம்?"

மனைவி புருஷனைப் பார்த்தார். அவர் தலையணை உறையைப் பார்த்து, "ஐஸ்" என்றார்.

"வாளி இங்கதாம்மா இருக்கு. வந்து பாத்துக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு மகள் வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நூற்று நாற்பத்து மூன்றாவது பெட்டியை அவர் அறிவார். நூற்றைம்பது வருஷத்தில் அங்கே இருப்பதிலேயே குளிர்ந்த நேரம் ஆறு டிகிரி. ஆறு டிகிரியில் தண்ணீர் எப்படி உறையும்? கணக்கு ஒன்றிரண்டு டிகிரி முன்னே பின்னே இருக்கலாம், இயந்திரமும் அப்படி இப்படித்தான். ஆனால் ஒரு தடவைகூட உறையாத இடத்தில் வருஷத்துக்கு மூணு நாலு தடவை ஐஸ் என்றால் அது முன்னே பின்னே இல்லை. மகள் பொய் சொல்கிறவள் இல்லை. எண்ணும் பொய் சொல்லாது. இரண்டில் ஒன்று தப்பாகவேண்டும். இரண்டில் எது தப்பாகவேண்டும் என்று அவர் மனசு ஆசைப்பட்டது என்பதை அவர் அன்று கவனிக்கவில்லை.

திங்கள் காலை மற்றவர்கள் வருமுன் போய் உட்கார்ந்தார். முதலில் தன் மாற்றத்தைச் சந்தேகப்பட்டார். இயந்திரம் கொட்டிய மூலக் கோப்பிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்து ஒப்பிட்டார். முன்பும் பின்பும் ஒன்றுதான், என்றைக்கும் போல. பிறகு இயந்திரத்தைச் சந்தேகப்பட்டார். பிறகு, வேறு ஒன்றும் தோன்றாமல், நிலப் பங்கு என்கிற கோப்பைத் திறந்தார். ஒவ்வொரு பெட்டியிலும் எவ்வளவு தரை, எவ்வளவு கடல் என்று சொல்கிற கோப்பு அது. கடல் இன்றைக்கொரு இடம் நாளைக்கொரு இடம் போவதில்லை என்பதால் அதை ஒருமுறை மாற்றி வைத்துவிட்டால் அப்புறம் யாரும் திறப்பதில்லை.

வரியைத் தட்டினார். பெட்டி நூற்று நாற்பத்து மூன்று. நிலப் பங்கு: பூஜ்யம்.

பூஜ்யமா? அங்கே ஒரு தபால் நிலையம் இருக்கிறது, பேருந்து நிற்கிறது, மகள் இருக்கிறாள். பூஜ்யம் என்றால் ஒரு பிடி மண் கிடையாது, முழுக்கக் கடல். வீட்டைத் தூக்கிக் கடலில் வைத்தது யார் என்று கோபமாக நிமிர்ந்தார். நிமிர்ந்த கண்ணுக்கு நேரே அவர் கையெழுத்து. பூஜ்யத்திலிருந்து எண்ணு!

தூக்கிவாரிப் போட்டது. விரலை வைத்து எண்ணினால் ஒன்றிலிருந்துதான் தொடங்கும். மகள் ஒன்றிலிருந்துதான் எண்ணினாள். அவள் சொன்ன நூற்று நாற்பத்து மூன்றைக் கருவிக்குச் சொல்லும்போது ஒன்றைக் கழித்துச் சொல்லியிருக்கவேண்டும். ஊரிலிருப்பவனுக்கெல்லாம் இதைச் சொல்லிக் கொடுத்தவர், அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் மறந்துபோனார். மறந்தாரா? வேறு யாராவது எண்ணிக் கொடுத்திருந்தால் ஒன்றுக்கு இரண்டு தரம் கேட்டிருப்பார். மகள் வாயால் சொன்ன எண்ணில் ஒன்றைக் குறைக்க அவருக்குத் தோன்றவே இல்லை, அதுதான் உண்மை. முன்பும் பின்பும் ஒரே தப்பான பெட்டியைப் பார்த்ததால் சோதனை எப்போதும் சரியாகவே வந்தது.

நூற்று நாற்பத்து இரண்டு என்று தட்டினார்.

நிலப் பங்கு: முக்காலுக்கு மேல். குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே போன காலைகள்: வருஷத்துக்கு மூன்று, நான்கு, மூன்று, ஐந்து, மூன்று. வாளியில் ஐஸ். காற்று? தடுக்க ஒன்றுமில்லாத கடல்மேல் அடிக்கிற காற்று வேறு, மேடும் மரமும் சுவரும் உள்ள தரைமேல் அடிக்கிற காற்று வேறு. அவர் சாப்பிடாமல் வீட்டுக்குப் போன அந்தப் புயல் இந்தப் பெட்டியில் பாதி வேகத்துக்குச் சற்று மேலே இருந்தது. நூற்றைம்பது வருஷத்தையும் ஓட்டிப் பார்த்தார். மாப்பிள்ளையின் கூரை ஒரு வருஷத்தில்கூடப் போகவில்லை.

முதலில் வந்தது சந்தோஷம். கூரை நிற்கும்! அவள் தலைக்கு மேலே அது நிற்கும், இவர் காலத்துக்கு அப்புறமும் நிற்கும். யாருமில்லாத அறையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கினபின்தான் மற்றது வந்தது. பன்னிரண்டு பேர் மத்தியில், மாப்பிள்ளை கரண்டியைக் கீழே வைத்த அந்தச் சத்தம். ஆறு வருஷமாக மகளை விட்டுக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாரே, ஒரு நாள்கூட அவளைப் பார்க்கவில்லை. வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அழுதார்.

பிரிவுத் தலைவி உள்ளே வந்தபோது அவர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

"அண்ணா, என்ன ஆச்சு?"

"ஒரு பிழை, மேடம். ஆறு வருஷப் பிழை."

தலைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. "எந்தக் கோப்பு? அணைக்கட்டுக்காரங்களுக்குப் போனதா?"

"வெளிய போனது எல்லாம் சரியாத்தான் இருக்கு. நான் பாத்ததுதான் தப்பு." திரையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார், விருந்து உட்பட.

தலைவி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து முழுதும் கேட்டார். பிறகு, "அப்படின்னா அறிவிப்பு எதுவும் தேவையில்லைண்ணா. யாருக்கும் தப்பான எண் போகலையே" என்றார்.

"போச்சு மேடம். ஒரு வீட்டுக்குப் போச்சு."

அன்று மதியம் அலுவலகத்துத் தாளை எடுக்காமல், தன் பையிலிருந்த வெள்ளைத் தாளில் எழுதினார். வேறு மாதிரி எழுதத்தான் முதலில் நினைத்தார். அன்பு மகளுக்கு என்று தொடங்கி மூன்று தாளைக் கசக்கிப் போட்டார். கடைசியில் தனக்குக் கைவந்த வழியிலேயே எழுதினார்.

*பிழை அறிவிப்பு, எண் பன்னிரண்டு.*

*கோப்பு: உங்கள் வீடு.*

*தவறு: முதல் விருந்தன்று இந்தக் கூரை நிற்காது என்று கீழே கையெழுத்திட்டிருப்பவன் எல்லோர் முன்னிலையிலும் சொன்னது.*

*சரி: கூரை நிற்கும். நூற்றைம்பது வருஷமும் பார்த்தாகிவிட்டது. நல்ல கூரை.*

*காரணம்: பெட்டி எண் நூற்று நாற்பத்து இரண்டைப் பார்ப்பதற்குப் பதிலாக நூற்று நாற்பத்து மூன்றைப் பார்த்தது. அது பக்கத்துக் கடல். எண்ணிக் கொடுத்தவர்மேல் குற்றமில்லை, அவர் சரியாகவே எண்ணினார். ஒன்றைக் கழிக்காதது என் பிழை. வாளியில் ஐஸ் பிடிக்கும் என்பதும் உண்மை.*

*பாதிக்கப்பட்டவர்கள்: மாப்பிள்ளை, மகள், மகளின் அம்மா.*

*வருந்துகிறேன். இரண்டும் ஒன்றல்ல.*

கையெழுத்துப் போட்டார். உறையில் கதவு எண்ணை எழுதிவிட்டு, மனைவிக்குத் தொலைபேசி போட்டு அதைச் சரிபார்த்தார். பிறகு இன்னொரு தரமும் சரிபார்த்தார். "என்னங்க, எதுக்கு அவங்க கதவு நம்பர்?" என்று மனைவி கேட்டதற்கு, "அப்புறம் சொல்றேன், வரிசையில நிக்கிறாங்க" என்று தபால் நிலையத்திலிருந்து கத்தினார். மனைவி மேலே கேட்கவில்லை. வலி இடம் விட்டு அசைகிறது என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

செவ்வாய் போனது. வெள்ளி வரை ஒன்றும் வரவில்லை. சனிக்கிழமை நாலரை மணிக்கே அவர் மடித்த துணியை எல்லாம் பிரித்துப்போட்டு மறுபடி மடிக்க ஆரம்பித்தார். ஐந்து அடித்தது. தொலைபேசி அடிக்கவில்லை. ஐந்தேகால். அவர் சட்டையின் ஒரு கையை மடித்துப் பிரித்து மடித்தார். ஐந்தரை.

"கோபமாத்தான் இருப்பா. எழுதியிருக்கக் கூடாது" என்றார்.

"உட்காருங்க. கூப்பிடுவாங்க" என்றார் மனைவி.

அடித்தது. மனைவி எடுத்தார், ஸ்பீக்கரில் போட்டார், மேசைமேல் வைத்தார். என்றைக்கும் போல "அப்பா நல்லா இருக்காரா" என்று வரும் என்று இருவரும் காத்திருந்தார்கள்.

"அம்மா, அப்பாகிட்ட குடு."

மனைவி ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுத் தொலைபேசியை அவர் கையில் வைத்து, விரல்களைத் தன் கையாலேயே மூடிவிட்டார். பிறகு அடுத்த அறைக்குப் போய் நின்றுகொண்டார். கதவை மட்டும் சாத்தவில்லை.

"சொல்லும்மா" என்றார் அவர்.

"உங்க கடிதம் என் கைக்கே வந்துச்சுப்பா. காலைல பிரிக்கிற தட்டுல, மூணாவதா. உங்க கையெழுத்தைப் பாத்ததும் மத்த கடிதமெல்லாம் எந்த ஊருக்குப் போச்சோ தெரியல." சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்கு விளங்கவில்லை. "ஆறு வருஷம் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கீங்க. அதுவும் கடல்."

"ஆமாம்மா."

"நான்தானேப்பா எண்ணினேன்."

"நீ சரியாத்தான் எண்ணினே. எழுதியிருக்கேனே."

"அவர்கிட்ட வாசிச்சுக் காட்டினேன். நல்ல கூரைன்னு போட்டிருக்கீங்களே, அந்த வரியை மட்டும் ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னார்."

பெட்டியண்ணன் தொலைபேசியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு ஒண்ணு தெரியாது. வருஷாவருஷம் பட்டை போடச் சொல்லி அம்மாகிட்ட சொல்லி அனுப்பினீங்களே, ஒவ்வொரு தடவையும் அவர் ஏறி ஒரு வரிசை போட்டார். நான்கூடச் சண்டை போட்டேன், அப்பா சொன்னா சொல்லிட்டுப் போறார்னு. மாமா பயப்படுறார்னார். அன்னிக்கு விருந்துலயே அவருக்குத் தெரிஞ்சிருக்கு, நீங்க பயந்துதான் பேசினீங்கன்னு. எனக்குத்தான் தெரியல. இப்ப ஆறு வரிசை பட்டை இருக்கு. இந்தக் கூரையைக் கொண்டுபோய் நடுக்கடல்ல வெச்சாலும் நிக்கும்கிறார்."

அடுத்த அறையில் மனைவி மூக்குறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அப்பா, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"உங்க அறிவிப்புல ஒரு பிழை இருக்கு."

அவர் பதறிப்போனார். முப்பத்து மூன்று தரம் வாசித்துப் பார்த்த அரைப்பக்கம் அது. "எங்கம்மா? எண்ணா? நூத்தி நாப்பத்தி ரெண்டு சரிதானே, ரெண்டு தடவை ஓட்டிப் பாத்தேனே..."

"எண்ணெல்லாம் சரி. பாதிக்கப்பட்டவங்கன்னு மூணு பேரைப் போட்டிருக்கீங்க. உங்களை விட்டுட்டீங்க."

அவர் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். பிறகு, இருபத்தாறு வருஷப் பழக்கத்தில், "திருத்தி அனுப்பிடறேன்மா" என்றார்.

"அனுப்ப வேணாம்ப்பா. நேர்ல கொண்டு வாங்க."